இயர் கஃபை அழுத்தாதீர்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்ச் சங்க ஆண்டு மலரில் எழுதுவது படித்தவர்கள் வேலை. நான் டில்லி மந்திர் மார்க் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்த கையோடு கரோல் பாகில் ஒரு கவரிங் நகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன். போன வருடம் வரை அங்கேயே இருந்தேன். வலது கை லேசாக நடுங்க ஆரம்பித்ததும் நின்றுவிட்டேன். காதைத் தொட்டு வேலை செய்கிறவனுக்குக் கை நடுங்கக் கூடாது. எனக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. ஆனாலும் எங்கள் மயூர் விஹார் கட்டடத்தில் என்னை 'ரிட்டயர்டு மணி' என்றுதான் சொல்கிறார்கள்.

எழுதச் சொன்னவர் மூன்றாம் மாடி ராமநாதன் சார். மலருக்கு அவர்தான் ஆசிரியர். அவர் சொன்னதற்குக் காரணம் எங்கள் லிஃப்ட். தீபாவளி முடிந்ததிலிருந்து கட்டடத்துப் பெண்களில் பாதிப் பேர் இயர் கஃப் போட ஆரம்பித்திருக்கிறார்கள். நான் லிஃப்டில் ஏறினால் போதும், ஒருவர் காதை என் பக்கம் திருப்புவார்.

"மணி சார், இது நிக்கவே மாட்டேங்குது. வலிக்கவும் செய்யுது."

"அழுத்திப் போட்டீங்களாம்மா?"

"அழுத்தாம எப்படி சார் நிக்கும்?"

இதே கேள்வி, இதே பதில், தினமும். எனக்குக் கூச்ச சுபாவம். சத்தமாகச் சொல்ல வராது. முணுமுணுத்துக்கொண்டே இறங்கிவிடுவேன். ஒருநாள் கூடவே இறங்கிய ராமநாதன் சார், "முணுமுணுக்கிறதை அப்படியே எழுதிக் குடுத்துருங்க மணி. போட்டுர்றேன்," என்றார். அதனால் இது கட்டுரை இல்லை, முணுமுணுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இயர் கஃப் என்பது துளையே இல்லாமல் காதின் விளிம்பைக் கவ்வி நிற்கிற நகை. மோதிரத்தை ஓர் இடத்தில் வெட்டி வாயைத் திறந்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். மேல் காதில் துளை போட்டு வளையம் மாட்டுகிறார்கள் அல்லவா, அந்தத் தோற்றம் வேண்டும், துளை வேண்டாம் என்பவர்களுக்காக வந்தது. வாங்குகிறவர்கள் எல்லோரும் அதை எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே நேராக வைத்து, இரண்டு விரலால் நசுக்குகிறார்கள். நசுக்கினால் காது கன்றும், கஃப் வளையும். மறுநாள் கடைக்கு வந்து, "மால் சரியில்லை, சரக்கே மட்டம்," என்பார்கள்.

சரியான முறை இதுதான். காதின் மேல் வளைவு கீழே இறங்கத் தொடங்கும் இடத்தில் விளிம்பு மெல்லிசாக இருக்கும். அங்கே ஒரு கையால் விளிம்பை லேசாக இழுத்துப் பிடியுங்கள். கஃபின் வாயைப் பக்கவாட்டில் அங்கே நுழைத்துவிடுங்கள். பிறகு அதை உருட்டிக்கொண்டே நடுக் காதுக்கு இறக்குங்கள். இறங்க இறங்க விளிம்பு தடிக்கும். தடிப்பான இடத்தில் அது தானாக நின்றுவிடும். தளர்வாக இருந்தால் கழற்றி, கையில் வைத்து வாயைக் கொஞ்சம் குறுக்கி, மறுபடி மேலிருந்து உருட்டுங்கள். காதில் இருக்கும்போது அழுத்தவே கூடாது. கழற்றும்போதும் மேலே உருட்டிக் கொண்டுபோய்த்தான் எடுக்க வேண்டும். வெளியே இழுக்கக் கூடாது. தூங்கப் போகும்முன் கழற்றிவிடுங்கள். இவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லியே என் வேலைக்காலத்தின் கடைசிப் பகுதி போனது.

கடையில் நான் பழகிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் தோடுகளை அட்டையில் குத்திக் கொடுத்தேன். பிறகு கவுண்டரில் நின்றேன். பிறகு காது குத்தும் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். முதல் காதைக் குத்தியபோது குத்திக்கொண்ட பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்; எனக்குத்தான் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. பெண்களின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. அதனால் காதைப் பார்த்தே பேசப் பழகிக்கொண்டேன். இன்றும் பழைய வாடிக்கையாளர் யாராவது மெட்ரோவில் எதிரே வந்தால் முகம் நினைவுக்கு வருவதில்லை. பக்கவாட்டில் திரும்பினால் உடனே தெரிந்துவிடும்.

எங்கள் முதலாளி குல்ஷன்ஜி. பஞ்சாபி. ஆறடிக்குக் குறையாத ஆள், காதெல்லாம் முடி. அவர் கடையில் மூன்று வழக்கங்கள் உண்டு. முதலாவது, வேலை முடியும்வரை வாடிக்கையாளருக்குக் கண்ணாடி காட்டக் கூடாது. காட்டினால் தலையைத் திருப்புவார்கள், குறி விலகும். இரண்டாவது, காதை ஈரப் பஞ்சால் துடைத்த பிறகு உடனே எதுவும் செய்யக் கூடாது. விரலைக் காதிலேயே வைத்திருக்க வேண்டும். பயந்து தூக்கிய தோள் தானாக இறங்கும். இறங்கிய பிறகுதான் அடுத்த வேலை.

மூன்றாவதுதான் என் உயிரை எடுத்தது. குத்துவதற்கு முன் கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வி: "எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள்?"

காரணம் இருக்கிறது. படுக்கும் பக்கத்தில் போட்ட புதுத் துளை தலையணையில் அழுந்தி அழுந்தி ஆறவே ஆறாது. அதிலும் மேல் காது என்றால் சொல்லவே வேண்டாம். டில்லிக் குளிரில் அதன்மேல் கம்பளித் தொப்பி வேறு, ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு ஹெல்மெட் வேறு. எல்லாம் சரி. ஆனால் முன்பின் தெரியாத பெண்ணிடம், நடுக் கடையில், என்னைப் போன்ற ஒருவன் இதைக் கேட்பதா? காதைப் பார்த்துக்கொண்டு கேட்டால் இன்னும் மோசம்; ரகசியம் கேட்பது போல இருக்கும். ஒருமுறை புதிதாகக் கல்யாணமான ஒரு ராணுவக்காரர் மனைவியைக் கூட்டிவந்திருந்தார். நான் கேட்டதுதான் தாமதம், என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"உனக்கு எதுக்குடா அது?"

குல்ஷன்ஜி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். சட்டையைப் பிடித்த கையை விலக்கக்கூட இல்லை. "அவள் இருக்கட்டும், நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்க?" என்று அவரையே கேட்டார்.

ராணுவக்காரர் யோசித்து, "இடது பக்கம்," என்றார்.

"அச்சா. அப்ப உங்களைப் பார்த்துப் படுத்தா அவளுக்கு வலது காது அடியில போகும். மணி, இடது காதுல குத்து."

அந்தப் பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். ராணுவக்காரர் சட்டையை விட்டுவிட்டார். என் பொத்தான் போனது போனதுதான்.

மேல் காது குத்துவதைக் கடையில் நிறுத்தியது வேறொரு நாள். பாங்கில் வேலை செய்யும் ஒரு பெண் காதில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு வந்தார். எங்கோ நடைபாதையில் துப்பாக்கியால் மேல் காதில் குத்திக்கொண்டாராம். எங்களிடம் களிம்பு கிடைக்குமா என்று கேட்டார். கைக்குட்டையை எடுத்ததும் நான் வேறு பக்கம் திரும்பிவிட்டேன். காது சிவந்து, மடிப்பெல்லாம் மறைந்து, உளுந்து வடை போல உப்பியிருந்தது. குல்ஷன்ஜி உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கீழே இருக்கும் சதை வேறு, மேலே இருக்கும் குருத்தெலும்பு வேறு. சதையில் ரத்த ஓட்டம் உண்டு, ஆறிவிடும். குருத்தில் சீழ் பிடித்தால் அது உள்ளேயே கரைந்துபோகும். சில மாதம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தார். காது ஆறியிருந்தது, ஆனால் மேல் விளிம்பு நெருப்பில் காட்டிய அப்பளம் போலச் சுருங்கியிருந்தது. "இதை மறைக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அகலமான இலை வடிவ இயர் கஃப் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுத்தோம்.

அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய அன்றே 'மேல் காது குத்தப்படமாட்டாது' என்று போர்டு வைத்தோம். அதன்பிறகு எனக்கு இன்னொரு தலைவலி ஆரம்பித்தது. "ஏன் மாட்டீங்க?" "பக்கத்துக் கடையில குத்துறாங்களே?" "என் ஃப்ரெண்டுக்கு ஒண்ணும் ஆகலையே?" போர்டுக்குக் கீழேயே நின்று கேட்பார்கள். போர்டைக் கையால் தள்ளிவிட்டு அதன் பின்னால் இருக்கும் தோட்டைக் காட்டச் சொன்னவர்களும் உண்டு.

அவர்களுக்காகத்தான் இயர் கஃப் நிறைய வாங்கி வைக்க ஆரம்பித்தோம். மொத்த வியாபாரி கொண்டுவரும் ஒவ்வொரு புது மாதிரியையும் குல்ஷன்ஜி முதலில் தன் காதில்தான் போடுவார். காலையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பார். மயில், கொடி, முத்துச்சரம், எதுவானாலும் சரி. வருமான வரி சம்பந்தமாக வந்த அதிகாரியிடம்கூட ஒரு காதில் பட்டாம்பூச்சியோடுதான் பேசினார். சாயங்காலம் காது கன்றியிருந்தால் அந்த மாதிரி திரும்பிப் போய்விடும். விழுந்தாலும் திரும்பிப் போய்விடும். "என் காதே தாங்கலைன்னா பெண்கள் காது எப்படித் தாங்கும்?" என்பார்.

இனி, எழுதியே ஆக வேண்டும் என்று நான் நினைத்த சம்பவத்துக்கு வருகிறேன்.

நான் வேலையை விட்டு நிற்பதற்கு முந்தின வருடம். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து ஓர் அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். அம்மா பெயர் சரஸ்வதி, மதுரைப் பக்கம். வீட்டுக்காரர் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. பெண் நித்யா, டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். போர்டைப் படித்துவிட்டு அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, தமிழ் ஆளுதான? அப்ப போர்டெல்லாம் நமக்கு எதுக்கு. பொண்ணுக்கு மேல் காதுல ரெண்டு பக்கமும் குத்தணும்."

"மேல குத்துறதில்லைங்கம்மா."

"இங்க பாருங்க," என்று பெண்ணின் விரித்த முடியை ஒதுக்கிக் காட்டினார்.

இரண்டு காதிலும், தோடு இருக்க வேண்டிய சதையில், தழும்புக் கட்டி. இடது காதில் புளியங்கொட்டை அளவு, பளபளவென்று. வலது காதில் கொஞ்சம் சின்னது. சிலருடைய தோல் அப்படி. சின்னக் காயம் பட்டாலும் அளவுக்கு மீறி வளர்ந்து கட்டியாகிவிடும். சின்ன வயதில் காது குத்தியதும் வந்ததாம். வெட்டி எடுத்தார்கள், வெட்டிய இடத்தில் முன்னைவிடப் பெரிதாக வளர்ந்ததாம். இனிமேல் காதில் ஊசியே படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"டாக்டரே சொல்லிட்டாரேம்மா," என்றேன்.

"டாக்டர் கீழ்க் காதைச் சொன்னாரு. மேல இருக்கிறது வேற இடம்தான? அங்க ஒரு ஓட்டை போட்டுட்டா போதும். எனக்கு நகை போட்டு அழகு பாக்கணும்னு இல்லண்ணே. வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அக்கா வந்து, சபை முன்னால், பெண்ணின் தோட்டைக் கழற்றிவிட்டுத் தாங்கள் கொண்டுவந்த தோட்டைப் போட வேண்டும். போட்டால்தான் உறுதி. பெண் பார்க்க வந்த அன்று இவர்கள் முடியை விரித்துவிட்டுக் காதை மறைத்துவிட்டார்கள். கட்டி இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"மூளிக் காதோட உக்காந்திருந்தா அவங்க என்ன நினைப்பாங்க? தோட்டைக் கையில வச்சுக்கிட்டு அவ தேடுவா, எங்கடா ஓட்டைன்னு. அத்தனை பேருக்கு முன்னால!"

நித்யா அதுவரை கவுண்டரில் இருந்த இயர் கஃப் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் குத்த மாட்டேன் என்றேன். அந்த அம்மா விடவில்லை. குருத்தில் அதே மாதிரி கட்டி வந்தால் மேல் காது முழுவதும் போய்விடும் என்றேன். "வந்தா கல்யாணத்துக்குப் பொறகு வரட்டும்," என்றார். எனக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் சின்னதாகிவிடும். முடியாதுங்கம்மா, முடியாதுங்கம்மா என்று பஞ்சு டப்பாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"இவருகிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல," என்று அவர் கல்லாவுக்குப் போய்விட்டார். "பையா, யே ஆத்மி நஹி கர்தா. ஆப் கரோ. ஜல்தி. ஷாதி ஹை." அண்ணா, இவர் செய்ய மாட்டேன் என்கிறார், நீங்கள் சீக்கிரம் செய்யுங்கள், கல்யாணம் என்று அர்த்தம். "நீங்க முடியாதுன்னா வெளிய நடைபாதையில குத்திக்கிறோம்," என்று என்னைப் பார்த்துத் தமிழில் வேறு சேர்த்துக்கொண்டார்.

குல்ஷன்ஜி காதில் அன்று ஒரு கொடி வடிவக் கஃப். அவர் எழுந்து வந்து ஸ்டூலைக் காட்டினார். நித்யா உட்கார்ந்தாள். அவர் பஞ்சை நனைத்து அவள் இடது காதின் மேல் விளிம்பைத் துடைத்துவிட்டு விரலை அங்கேயே வைத்தார். நடைபாதைக்குப் போவதைவிடத் தானே குத்திவிடுவது மேல் என்று நினைத்துவிட்டாரோ?

தோள் இறங்கும்வரை காத்திருந்துவிட்டு, வழக்கம் போலக் கேட்டார். "மகளே, எந்தப் பக்கம் படுப்பாய்?"

நித்யா இந்தியில் அவருக்குப் பதில் சொல்லவில்லை. தமிழில் என்னிடம் சொன்னாள். "எந்தப் பக்கமும் இல்ல அங்கிள். மல்லாக்கத்தான். ரெண்டு பக்கமும் கட்டி குத்தும்."

"என்னடி சொல்ற? நீ ஒருக்களிச்சுப் படுக்கிறவளாச்சே. தலையணையைக் கட்டிக்கிட்டு," என்றார் அம்மா.

"அது அஞ்சாவது படிக்கும்போதும்மா."

"ஒரே ரூம்ல படுக்கிறோம். என்கிட்ட சொல்லவே இல்லயே நீ."

"சொன்னா மறுபடி ஆபரேஷன்னு கூட்டிட்டுப் போவ."

குல்ஷன்ஜிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விரலை எடுத்துவிட்டார். பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பினார்.

சரஸ்வதி அம்மா கொஞ்ச நேரம் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, ஏதோ தவறெல்லாம் என்னுடையது போல, "சரி, அந்தக் கவ்வியக் காட்டுங்க," என்றார்.

நித்யா பார்த்துவைத்திருந்ததையே எடுத்தாள். ஒற்றைச் சிவப்புக் கல், நான்கைந்து சின்ன முத்து. மேலே நுழைத்து நடுக் காதுக்கு உருட்டினேன். நன்றாக இருந்தது. கண்ணாடியைக் கொடுத்தேன். அவள் தன் காதை அப்படிப் பார்த்து வெகு நாள் ஆகியிருக்க வேண்டும். கண்ணாடியைத் திருப்பித் தரவே இல்லை.

"நிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா கையை நீட்டி, இரண்டு விரலால் நசுக்கினார்.

"ஆ! அம்மா!"

"அழுத்தாதீங்கம்மா!" என்று நான் கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அத்தனை வருடத்தில் நான் கத்தியது அது ஒருமுறைதான்.

"நமஸ்காரம் பண்ணும்போது விழுந்துருச்சுன்னா?"

"பண்ணிப் பாப்போமே," என்றாள் நித்யா. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கவுண்டருக்கும் நடுவே, தரையில் விழுந்து கும்பிட்டாள். எதிரே யார் இருக்கிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை. இருந்தது குல்ஷன்ஜி. காதில் கொடியோடு பதறி எழுந்த அவர், "ஜீதே ரஹோ பேட்டா, ஜீதே ரஹோ," என்று நீடூழி வாழும்படி ஆசீர்வாதம் பண்ணினார். வளையல் பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் கூடவே கைதட்டினார்கள். கஃப் விழவில்லை.

"மாலை?" என்றார் அம்மா.

சாமி படத்துக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் மாலையைக் கழற்றிக் கொடுத்தேன். அம்மா அதை மகள் கழுத்தில் போட்டார். அது கஃபில் மாட்டிக்கொண்டது. கஃப் தெறித்து வளையல் அலமாரிக்கு அடியில் போனது. நான் தரையில் படுத்து அளவுகோலை விட்டுத் தேடி எடுத்தேன்.

"பாத்தியா! ஓட்டை போட்டிருந்தா இப்படி விழுமா?"

"ஓட்டை போட்டிருந்தா காது கிழிஞ்சிருக்கும்மா. இது தெறிச்சுத்தான போச்சு?"

"எல்லாத்துக்கும் பதில் வச்சிரு. அந்தப் பொண்ணு தோட்டை எடுத்துக்கிட்டு வருவாளே, அவளுக்கு என்ன பதில் வச்சிருக்க?"

உண்மைதான். கஃப் போட்டு உட்காரலாம், விழுந்து கும்பிடலாம். மாப்பிள்ளையின் அக்கா கொண்டுவரும் தோட்டை எதில் போடுவது? திருகாணி வைத்த தோட்டுக்குத் துளை வேண்டுமே. நான் கஃபைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

நித்யா முடியை மொத்தமாக அள்ளித் தலைக்கு மேல் கொண்டை போட்டாள். கைபேசியை என்னிடம் நீட்டினாள். "அங்கிள், ஒரு ஃபோட்டோ எடுங்க. கட்டி தெரியணும். கஃபும் தெரியணும்."

எடுத்தேன். முதல் படத்தில் கஃப் மட்டும்தான் விழுந்தது; இரண்டாவது முறைதான் சரியாக வந்தது. அவள் வாங்கி ஏதோ தட்டினாள்.

"யாருக்குடி?"

"சுதா அக்காவுக்கு." மாப்பிள்ளையின் அக்கா.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன். கீழ ஓட்டை இல்ல, மேல ஓட்டை போட முடியாது, இப்படித்தான் போடுவேன், நிச்சயத்துக்கு முன்னாடி நீங்க தெரிஞ்சுக்கணும்னு எழுதினேன்."

அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு. எல்லாம் போச்சு. மூணு வருஷமா அலைஞ்சு தேடின இடம்." பிறகு, "அழிச்சுரு. அழிக்கலாம்ல? உங்க அப்பா அழிப்பாரே," என்று கைபேசியைப் பிடுங்கப் பார்த்தார்.

"பாத்துட்டாங்கம்மா. டிக் நீலமாயிருச்சு."

மூவரும் அந்தக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வரவில்லை. ஏதோ எழுதுவது போலக் காட்டும், நின்றுவிடும். மறுபடி காட்டும், நின்றுவிடும். எனக்குப் பின்னால் ஒரு பெண், "பையா, அந்த ஜிமிக்கியைக் காட்டுங்க," என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் திரும்பவில்லை. கடைசியில் அந்தத் திரை அணைந்தே போனது.

சரஸ்வதி அம்மா பில் போட்டுக் கஃபை வாங்கிக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று என்னைத் திட்டினார். குத்திக் கொடுத்திருந்தால் இந்த வினையே இல்லையாம். நித்யா கொண்டையை அவிழ்க்கவில்லை. அப்படியே கரோல் பாக் கூட்டத்துக்குள் போனாள். இரண்டு காதும் தெரு முனைவரை எனக்குத் தெரிந்தன.

அன்று கடை மூடும்வரை எனக்கு யார் மேல் என்று தெரியாத ஒரு கோபம். துளை இல்லாத காதை மூளி என்று முதலில் சொன்னவன் யாரோ, அவன் மேல். மேல் காது குத்தும் நடைபாதைக்காரன் மேல். பதில் எழுதாத அந்த அக்கா மேல். "ஜிமிக்கி விலை குறையுமா?" என்று கேட்டவரிடம், "எந்தப் பக்கம் படுப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஜிமிக்கியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை, கடை திறந்து தூசி தட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் வேகமாக உள்ளே வந்தார். கழுத்தில் அலுவலக அட்டை. கையில் சின்ன நகைப் பெட்டி.

"நித்யா சொன்ன மணி அங்கிள் நீங்கதானா? நான் சுதா. இந்தத் தோட்டோட திருகாணித் தண்டை எடுத்துட்டு, பின்னாடி அந்தக் கஃப் வளையம் வைக்க முடியுமா? ஜல்தி வேணும், ஆபீஸுக்கு லேட்டு. எங்க அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். சபையில போடப்போறது நான்தானே."

மாடியில் பட்டறை வைத்திருந்தவரிடம் கொடுத்து, தண்டை வெட்டி, பின்னால் வளையம் பற்றவைத்து வாங்கினேன். சுதா அங்கேயே காத்திருந்தார். எப்படி மாட்ட வேண்டும் என்று காட்டுகிறேன், மேலிருந்து உருட்ட வேண்டும் என்று சொல்வதற்குள், தோட்டை என் கையிலிருந்து வாங்கித் தன் காதின் நடுவில் நேராக வைத்து, இரண்டு விரலால் நசுக்கினார்.